நார்க்கழிவிலிருந்து அடுப்புக்கரி

மண் மூடிச் சுடும் பழைய முறையில் 1 கிலோ விறகுக்கரி எடுக்க 5 முதல் 10 கிலோ வரை விறகு வேண்டியிருக்கிறது. விறகில் இருந்த ஆற்றலின் பெரும்பகுதி மூட்டத்திலேயே புகையாகவும் சூடாகவும் போய்விடுவதால், மாற்றுத் தேடிய நாடுகள் சில பீட் எனப்படும் முற்றா நிலக்கரியின் பக்கம் திரும்பின. அயர்லாந்தின் கிராமத்து அடுப்புகளில் அது நூற்றாண்டுகளாக எரிந்தது. காடு சுருங்கிய புருண்டியிலும் ருவாண்டாவிலும் அதை வெட்டி எரிபொருளாக்கும் முயற்சிகள் நடந்துள்ளன. தமிழ்நாட்டில் பீட் என்றால் நீலகிரியின் உயர்மலைச் சதுப்புகளைத்தான் சொல்ல வேண்டும். 20,000 ஆண்டுப் பருவநிலை வரலாற்றைத் தாங்கி நிற்கும் அவற்றில் மண்வெட்டி படவே கூடாது. ஆனால் பீட்டை அடுப்புக்குக் கொண்டுவரும் அதே வழிமுறை, கன்னியாகுமரி மாவட்டத்துத் தும்பு (தேங்காய் நார்) ஆலைகளின் ஓரத்தில் குவிந்து கிடக்கும் நார்க்கழிவுக்கும் பொருந்துகிறது.

காரணம் இரண்டின் பிறப்பிலும் இருக்கிறது. நீர் தேங்கிய சதுப்பில் ஆக்சிஜன் புகாததால், செடிகொடிகளின் இளகிய பகுதிகளை நுண்ணுயிர்கள் மெல்லச் சிதைக்க, செடிக்கு உறுதி தரும், எளிதில் சிதையாத லிக்னின் போன்றவை மிஞ்சிப் பீட்டாகப் படிகின்றன. அது ஆண்டுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர்தான் வளரும். மணக்குடிக் காயலிலும் தேங்காய்ப்பட்டணம் பகுதியிலும் கதம்பலை, அதாவது தேங்காய் மட்டையை, மாதக்கணக்கில் நீரில் அழுகவிட்டபோதும் இதே வகை வேலைதான் நடந்தது: நாரையும் அதனிடையே உள்ள தூள் போன்ற சோற்றையும் பிணைத்திருந்த பெக்டினை நுண்ணுயிர்கள் தின்றன, லிக்னின் நிலைத்தது. தும்பு பிரித்தபின் கதம்பலின் எடையில் பாதிக்கும் மேல் இந்தச் சோறாகவே மிஞ்சுகிறது; நார்க்கழிவு என்பது இதுதான். பீட் ஒருமுறை வெட்டினால் நம் ஆயுளில் மீளாது. நார்க்கழிவோ தேங்காய் உரிக்கும் நாளெல்லாம் சேர்கிறது.

இரண்டுக்கும் பொதுவான பெரிய இடையூறு நீர். சதுப்பிலிருந்து அப்போதே வெட்டிய பீட்டில் 90 விழுக்காடு வரை நீர்தான். அதில் 10 கிலோவை எடுத்துக்கொண்டால், 9 கிலோ நீரைச் சூடாக்கி ஆவியாக்க 23 மெகாஜூல் அளவுக்கு வெப்பம் வேண்டும். எஞ்சும் 1 கிலோ உலர்பொருளை எரித்தால் கிடைப்பதோ சுமார் 20 மெகாஜூல். அதாவது, நெருப்பால் உலர்த்தினால் கைமுதலே போய்விடும். தன் எடையைப் போலப் பல மடங்கு நீரை உறிஞ்சி வைத்திருக்கும் நார்க்கழிவுக்கும் இந்தக் கணக்கு மாறாது. ஆகவே வெயிலை நம்பியே இத்தொழில் நடக்க வேண்டும். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் பெறும் குமரியில், ஜனவரி முதல் மார்ச் வரையிலான மாதங்களே உலர்த்துவதற்கு ஏற்றவை.

அந்த மழையாலும் ஒரு பயன் உண்டு. காயல் நீரில் ஊறிய சோற்றில் உப்பு தங்கியிருக்கும். உப்பு மிகுந்தால் சாம்பல் உருகிக் கட்டி தட்டும், இரும்பு அடுப்பும் அரிக்கும். திறந்தவெளிக் குவியலை ஒரு மழைக்காலம் நனையவிட்டால் உப்பின் பெரும்பகுதி கழுவப்படும். வடியும் பழுப்பு நீரில் டானின் என்னும் துவர்ப்புப் பொருள் இருப்பதால், அது கிணற்றையோ குளத்தையோ சேராதபடி வாய்க்கால் அமைப்பது கட்டாயம்.

உலர்ந்த கழிவைக் காற்று மிகக் குறைவாகப் புகும் இரும்பு உருளையில் 400 முதல் 500 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்குவது அடுத்த கட்டம். முதலில் எஞ்சிய ஈரம் போகும்; பிறகு லிக்னினோடு கழிவில் இருக்கும் மற்ற இரு பொருள்களில், 200 டிகிரியைக் கடந்ததும் ஹெமிசெல்லுலோசும், 300 டிகிரியைக் கடந்ததும் செல்லுலோசும் வாயுவாகவும் தாராகவும் பிரியும். மெதுவாகச் சிதையும் லிக்னினே கரியைப் பெருமளவு தருகிறது என்பதால்தான் நார்க்கழிவு இதற்கு ஏற்றதாகிறது. வெளியேறும் வாயுவைப் புகையாக விட்டுவிடாமல் உருளையின் அடியிலேயே எரியச் செய்தால், அந்த வெப்பமே கரியாக்கத்தைத் தொடர உதவும். புகையில் தாரும் மீத்தேனும் இருக்கின்றன; அதை அப்படியே வெளியே விடும் மூட்டம் எதையும் மாற்று என்று சொல்ல எனக்கு மனமில்லை.

கிடைப்பது தூளாகையால் கட்டியாக்க வேண்டும். மரச்சீனிக்கிழங்கு மாவைக் கஞ்சியாகக் காய்ச்சி, கரியின் எடையில் 5 முதல் 10 விழுக்காடு மாவு சேரும்படி கலந்து, புட்டுக்கு மாவு விரவும் பதத்தில் பிசைந்து அச்சில் அழுத்தினால் கட்டி நிற்கும். நடுவில் துளை விட்டால் காற்று உள்ளே சென்று சீராக எரியும். சிரட்டைக்கரியைவிட இதில் சாம்பல் கூடுதல், சூடு குறைவு. வெந்நீர் அடுப்புக்கும் நெடுநேரம் கொதிக்க வேண்டியவற்றுக்கும் அது போதும்.

எல்லா நார்க்கழிவையும் எரிக்கவும் கூடாது. நன்கு கழுவிய சோறு, செடி வளர்ப்பில் பீட்டுக்கே மாற்றாக ஏற்றுமதியாகிறது. அதற்கு ஆகாத, பல ஆண்டுகளாகக் கிடக்கும் பழைய குவியல்களே அடுப்புக்கு உரியவை. எந்தக் கரியைப் போலவும் இதுவும் மணமில்லாத கார்பன் மோனாக்சைடை வெளியிடும் என்பதால், இதை வெளித்திண்ணையிலோ, சன்னல் திறந்த அடுக்களையிலோதான் மூட்ட வேண்டும்.