எல்இடி தனக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்குமாம்!

நேற்று என் மேசைக்கு வந்தது இந்த மாதத்தில் எரிந்துபோய் வந்த நான்காவது எல்இடி விளக்கு, ஒரு பையன் செய்தது. பழைய லேப்டாப் பேட்டரியிலிருந்து பிய்த்தெடுத்த ஒரு லித்தியம் செல், அதில் நேராகச் சேர்த்த பத்து வெள்ளை எல்இடி. ஐந்தின் நடுவில் கறுப்புப் புள்ளி. சால்டர் (ஈயப் பற்று) வைத்த இடத்தில் செல்லின் உறை சுருங்கிக் கருகியிருந்தது. "கரண்டை அடக்கும் ரெசிஸ்டர் எங்கே தம்பி?" என்றேன். "எல்இடி தனக்கு வேண்டிய கரண்டைத்தான் எடுத்துக்கும் சார்" என்றான்.

எடுத்துக்கொள்ளாது. எத்தனை முறைதான் சொல்வது! குண்டு பல்பின் இழை சூடாகச் சூடாகத் தடை ஏறும், கரண்ட் தானே அடங்கும். எல்இடி நேர்மாறு. சூடேறினால் இன்னும் கரண்ட் இழுக்கும், அதனால் இன்னும் சூடேறும். "3.2 வோல்ட் எல்இடி, 3.7 வோல்ட் செல், அரை வோல்ட்தானே கூட" என்பார்கள். முழு சார்ஜில் அந்தச் செல் 4.2 வோல்ட் என்பது ஒருபுறம் இருக்கட்டும். அந்த அரை வோல்ட்டே எல்இடியில் கரண்டைப் பல மடங்காக்கிவிடும். "பட்டன் செல்லில் நேரா வெச்சா எரியுதே?" எரியும். அந்தச் செல்லுக்குள் இருக்கும் தடையே கரண்டை அடக்கிவிடுகிறது. அதே நினைப்பில் லித்தியம் செல்லைத் தொடுவதுதான் வினை.

கணக்கு ஒரு வரிதான். பேட்டரி வோல்ட்டில் எல்இடி வோல்ட்டைக் கழித்து, சாதாரண 5 மிமீ எல்இடி என்றால் அதற்கு வேண்டிய கரண்ட் 0.02 ஆம்பியரால் வகுங்கள், ரெசிஸ்டரின் அளவு ஓமில் வரும். 9 வோல்ட் பேட்டரிக்கு 290 ஓம் வரும், சற்றுக் கூடுதலாக 330 போடுங்கள். ஒவ்வொரு எல்இடிக்கும் தனி ரெசிஸ்டர். பக்கம் பக்கமாகக் கட்டிய பத்துக்கும் பொதுவாக ஒன்றே போட்டால், ஒன்று மற்றதன் பங்கையும் தின்று முதலில் போகும். (தொழில் பழகிய காலத்தில் நானும் அப்படி ஒரு பிடி எரித்திருக்கிறேன்.)

செல்லின் முனையில் சால்டர் வைக்காதீர்கள், ஹோல்டர் எதற்கு இருக்கிறது? போன் சார்ஜர் ஒயரை அறுத்து லித்தியம் செல்லில் கட்டாதீர்கள். பாதுகாப்பு சர்க்யூட் உள்ள சார்ஜிங் போர்டு வேண்டும். உப்பிய செல்லைக் குத்திப் பார்க்கவே கூடாது. பட்டன் செல்லைக் குழந்தை கைக்கு எட்டாமல் வையுங்கள், தயவுசெய்து. விழுங்கினால் இரண்டே மணி நேரத்தில் உணவுக்குழாயைப் பொசுக்கிவிடும். "வெளியே வந்துடும்" என்று காத்திருக்காமல் மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

அந்தச் செல்லைப் பையனிடம் திருப்பித் தரவில்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். மூன்று பென்சில் செல் போடும் ஹோல்டரும், பிழைத்த ஐந்து எல்இடிக்கு ஐந்து 68 ஓம் ரெசிஸ்டரும் கொடுத்தனுப்பினேன். ஏன் 68 என்று கணக்குப் போட்டுக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன்.