எலெக்ட்ரெட் – மின்னுறைவி

வெளியிலிருந்து கொடுத்த மின்புலத்தை எடுத்துவிட்ட பிறகும், மின்முனைவையோ (ஒருபுறம் நேர், மறுபுறம் எதிர் என்றிருக்கும் நிலை) மின்னேற்றத்தையோ ஆண்டுக்கணக்கில் விடாமல் வைத்திருக்கும் காப்புப்பொருளுக்கு, அதாவது மின்சாரம் கடத்தாத பொருளுக்கு, எலெக்ட்ரெட் என்று பெயர். காலர் மைக்கிலும் என்95 முகக்கவசத்திலும் வேலை செய்வது இதுதான்.

பெயரிட்டவர் ஆலிவர் ஹெவிசைடு; இம்பீடன்ஸ், இன்டக்டன்ஸ் என்ற மின்னியல் சொற்களைத் தந்த அதே ஆங்கிலேயர். இரும்பு நிலைக்காந்தமாவதுபோல் காப்புப்பொருளும் நிலையாக மின்முனைவு பெறலாம் என்று கருதிய அவர், 1885இல் 'மேக்னெட்' என்ற சொல்லின் ஈற்றை 'எலெக்ட்ர்' என்பதோடு ஒட்டினார். 'எலெக்ட்ர்' என்ற முன்பகுதியின் வேர், ஆம்பர் என்னும் தொல்பிசினுக்குக் கிரேக்கர் வைத்த 'ஏலெக்ட்ரான்'.

பெயர் பிறந்து முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழிந்துதான் பொருள் கைக்கு வந்தது. 1919 வாக்கில் ஜப்பானிய இயற்பியலாளர் மோட்டோடாரோ எகுச்சி, பிரேசில் பனையோலையில் கிடைக்கும் கார்னௌபா மெழுகோடு மரப்பிசினைச் சேர்த்து உருக்கி, வலுவான மின்புலத்தில் வைத்தார். புலத்தை நிறுத்தாமலே ஆறவிட்டார். நுட்பமெல்லாம் இந்த 'நிறுத்தாமலே'யில் இருக்கிறது. ஒரு முனை சற்றே நேர், மறுமுனை சற்றே எதிர் என்றிருக்கும் மூலக்கூறுகள், சூட்டில் இளகியிருக்கும்போது புலத்தின் திசைக்குத் திரும்புகின்றன. ஆறி இறுகியதும் பழைய நிலைக்குத் திரும்ப இடமில்லை. மறுபடி சூடாக்கினால் வரிசை குலையும். அப்போது மெல்லிய மின்னோட்டம் வெளிப்படுவதை அளக்கவும் முடியும். பாலிவினைலிடீன் ஃபுளோரைடு என்ற பாலிமர் படலத்தை இழுத்து, சூட்டோடு மின்புலம் கொடுத்தால், அழுத்தும்போது மின்னழுத்தம் தரும் என்று 1969இல் ஜப்பானிய ஆய்வாளர் கவாய் கண்டதும் இந்த வழியில்தான்.

தமிழில் என்ன சொல்லலாம்? 'மின்காந்தம்' ஏற்கெனவே வேறு பொருளுக்குப் போய்விட்டது. 'நிலைமுனைவி' எனலாம், ஆனால் அது பாதிக்குத்தான் பொருந்தும். 1962இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கெர்ஹார்ட் செஸ்லரும் ஜேம்ஸ் வெஸ்டும் உருவாக்கிய மைக் வகையில் பின்னர் இடம்பெற்ற டெஃப்லான் படலத்திலும், முகக்கவசத்தின் பாலிபுரோப்பிலீன் இழையிலும் மூலக்கூறுகள் திரும்பி நிற்பதில்லை. வெளியிலிருந்து ஏற்றிய மின்னேற்றங்கள் உள்ளே சிக்கித் தங்கியிருக்கின்றன.

என் பரிந்துரை மின்னுறைவி. நெய் உறைகிறது என்றால் இறுகுகிறது. இறைவன் உறையும் கோயில் என்றால் தங்கும் கோயில். எகுச்சியின் மெழுகுக்கு முதற்பொருள், டெஃப்லானுக்கு இரண்டாம் பொருள். உறையவைப்பது உறைவி. மைக்குக்கு மின்னுறைவி ஒலிவாங்கி என்றும், கவசத்துக்கு மின்னுறைவி இழை என்றும் தொடர்கள் தடையின்றி வருகின்றன.

சொற்றொடரில்: மின்னுறைவி இழையாலான முகக்கவசத்தை ஆல்ககாலில் நனைக்கக் கூடாது, மின்னேற்றம் போய்விட்டால் நுண்துகளைப் பிடிக்கும் திறன் குறைந்துவிடும்.