மரத்தடிக்குப் போனால் மட்டும் போதுமா?

"நீங்க சொன்ன மாதிரியே தினமும் மரம் செடி இருக்கிற இடத்துல நடக்கிறேன். ஒண்ணும் மாறலையே?" மனநல ஆலோசனைக்கு வருபவர்கள் பலர் சில வாரங்கள் கழித்து இப்படிக் கேட்பதுண்டு. நான் திருப்பிக் கேட்பது ஒன்றே ஒன்று: "நேற்று நடந்தபோது காதில் என்னென்ன விழுந்தது?" கொஞ்சம் யோசித்துவிட்டு, "அமைதியா இருந்துச்சு" என்பார்கள். காற்று எந்தப் பக்கமிருந்து வந்தது, எந்த மரத்தின் இலை சலசலத்தது, பறவை எதுவும் கத்தியதா என்று கேட்டால் பதில் வராது. கால் நடந்திருக்கிறது. மனம் முழுக்க மறுநாள் வேலையிலேயே இருந்திருக்கிறது.

இயற்கைக்கு அருகில் சும்மா இருந்தாலே ஓரளவு பலன் உண்டு, அதை மறுக்கவில்லை. ரோஜர் உல்ரிச் 1984இல் வெளியிட்ட ஆய்வு இதில் பெயர் பெற்றது. பித்தப்பை அறுவை சிகிச்சை முடிந்தவர்களில், ஜன்னல் வழியே மரங்கள் தெரிந்த அறையில் இருந்தவர்கள், செங்கல் சுவர் மட்டுமே தெரிந்த அறையில் இருந்தவர்களைவிடச் சற்று முன்னதாகவே வீடு திரும்பினார்கள். வீரியமான வலி மருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. இங்கிலாந்தில் சுமார் 20,000 பேரின் தகவல்களை வைத்து 2019இல் வந்த ஆய்வில், வாரத்துக்கு 120 நிமிடங்களாவது இயற்கைச் சூழலில் கழித்தவர்கள் தங்கள் உடல்நலமும் மனநிலையும் நன்றாக இருப்பதாகக் கூடுதலாகச் சொன்னார்கள். அந்த நேரத்தை ஒரே நாளில் கழித்தாலும் சரி, பிரித்துக் கழித்தாலும் சரி, பெரிய வித்தியாசம் இல்லை.

இந்த ஆய்வு கணக்கில் எடுத்தது நேரத்தை. அந்த நேரத்தில் காதும் மூக்கும் தோலும் என்ன செய்துகொண்டிருந்தன என்பதும் முக்கியம் என்று என் அனுபவத்தில் உறுதியாகச் சொல்வேன்.

நம் கவனம் இரண்டு விதமாக வேலை செய்கிறது என்று ரேச்சல் கப்லான், ஸ்டீபன் கப்லான் என்ற உளவியலாளர்கள் விளக்கினார்கள். கணக்குப் பார்க்கும்போதும் நெரிசலில் வண்டி ஓட்டும்போதும் நாம் வலிந்து செலுத்தும் கவனம் ஒன்று. அது சீக்கிரம் களைத்துவிடும். ஓடும் தண்ணீர், அசையும் கிளை, நகரும் மேகம் ஆகியவை தாமாக ஈர்க்கும் கவனம் மற்றொன்று. அந்த ஈர்ப்பு மென்மையானது, மனத்துக்கு நடுவில் இடைவெளி விடுவது. களைத்துப்போன முதல் வகைக் கவனம் அந்த இடைவெளியில்தான் தேறிக்கொள்கிறது. ஆனால் கையில் செல்போன் ஒளிர்ந்துகொண்டிருந்தால் அந்த மென்மையான ஈர்ப்பு ஜெயிக்கவே முடியாது. காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு பூங்காவைச் சுற்றுபவர்களுக்கு நடைப்பயிற்சியின் பலன் கிடைக்கும். நான் சொல்லும் இந்த ஓய்வில் பெரும்பகுதி கிடைக்காது.

நான் எல்லோரையும் காதிலிருந்துதான் தொடங்கச் சொல்கிறேன். கண் அவசரக்காரன். பார்த்ததுமே "மரம்", "காக்கை" என்று பெயர் சூட்டிவிட்டு அடுத்ததற்குத் தாவிவிடும். காதை அப்படி அவசரப்படுத்த முடியாது. ஒலி எப்போது வருகிறதோ அதுவரை காத்திருந்துதான் ஆக வேண்டும். ஓரிடத்தில் நின்று அல்லது உட்கார்ந்து, முதலில் கேட்கிறதிலேயே மிகத் தொலைவான ஒலியைத் தேடுங்கள். அப்புறம் மிக அருகில் உள்ளதை. பிறகு இடையில் இருப்பவற்றை. ஒவ்வொன்றும் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று கவனியுங்கள். பக்கவாட்டிலிருந்து வரும் ஒலி ஒரு காதை எட்டி அடுத்த காதை எட்ட, ஒரு விநாடியை ஆயிரமாகப் பிரித்தால் அதில் ஒரு பங்குகூட ஆகாது. அந்த இம்மி நேரத்தை வைத்தே மூளை திசையைக் கணித்துவிடுகிறது. இவ்வளவு நுட்பமான கருவியைப் பெரும்பாலும் ஹார்ன் சத்தத்துக்கு விலகிப்போக மட்டுமே பயன்படுத்துகிறோம் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

பறவையின் குரலைக் கேட்டதும் அதன் பெயரைக் கண்டுபிடிக்கும் செயலிகள் இப்போது இருக்கின்றன. நல்லவைதான். ஆனால் செயலியைத் திறப்பதற்கு முன் அந்தக் குரலை முடியும்வரை கேளுங்கள். பெயர் பிறகு தெரிந்தால் போதும்.

வயதான ஒருவர், "இப்பல்லாம் குருவிங்க வர்றதே இல்லை" என்று மனமொடிந்து பேசினார். கூட வந்த மகளோ, காலையில் நிறைய வருவதாகச் சொன்னார். காது பரிசோதனைக்கு அனுப்பினேன். உச்சஸ்தாயி ஒலிகள் அவருக்குக் கேட்பது மிகவும் குறைந்திருந்தது. வயதாகும்போது முதலில் போவது அந்த ஒலிகள்தான், பல சிறு பறவைகளின் குரலும் அந்த எல்லையில்தான் இருக்கிறது. உட்செவியில் ஒலியை உணரும் மயிரணுக்கள் அழிந்தால் மனிதர்களுக்குத் திரும்ப முளைப்பதில்லை. காது கேட்கும் கருவி பொருத்திய பிறகு அவருடைய காலைகள் மாறின.

இதற்கு மறுபக்கமும் உண்டு. பறவைகள் உண்மையிலேயே குறைந்தும் வருகின்றன. வட அமெரிக்காவில் மட்டும் 1970இலிருந்து ஏறத்தாழ 300 கோடிப் பறவைகள் குறைந்துவிட்டதாக 2019இல் ஒரு பெரிய ஆய்வு காட்டியது. ஒவ்வொரு தலைமுறையும் தான் முதலில் பார்த்ததையே இயல்பு என்று எடுத்துக்கொள்கிறது, அதனால் இழப்பின் அளவு யாருக்கும் உறைப்பதில்லை என்று மீன்வள அறிஞர் டேனியல் பாலி 1995இல் எழுதினார். இன்றைக்குக் காது கொடுத்துக் கேட்டவருக்குத்தான் பத்து வருஷம் கழித்து எது இல்லாமல் போனது என்று சொல்லத் தெரியும்.

அடுத்து மூக்கு. எனக்கு மிகவும் பிடித்த புலன் இது, நாம் மிகவும் குறைத்து மதிப்பதும் இதைத்தான். மண்வாசனையையே எடுத்துக்கொள்வோம். அதன் பெரும்பங்கு, மண்ணில் வாழும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் போன்ற நுண்ணுயிரிகள் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்ற பொருளிலிருந்து வருகிறது. லட்சம் கோடிப் பங்கு நீரில் சில பங்கு கலந்திருந்தாலே மனித மூக்கு அதைக் கண்டுபிடித்துவிடும். காய்ந்த மண்ணில் துளி விழும்போது சிறு காற்றுக்குமிழிகள் சிக்கி, மேலெழுந்து வெடித்து, வாசனையைக் காற்றில் தெளிக்கின்றன. கொட்டும் மழையைவிடத் தூறலில் இது கூடுதலாக நடக்கிறது. எனவே முதல் தூறல் விழும்போது ஜன்னலைச் சாத்தாதீர்கள்.

மனிதனுக்கு மோப்பம் போதாது என்ற எண்ணமும் சரியில்லை. 2007இல் வெளியான ஒரு சோதனையில், கண்ணையும் காதையும் மறைத்துக்கொண்டு, புல்தரையில் சாக்லேட் வாசனை பூசிய கயிற்றை மூக்கால் மட்டும் தொடரச் சொன்னார்கள். 32 பேரில் 21 பேர் தொடர்ந்துவிட்டார்கள். சில நாள் பயிற்சியில் வேகமும் கூடியது. வாசனை உணரும் நரம்பணுக்கள் ஆயுள் முழுக்கப் புதுப்பித்துக்கொள்பவை. வைரஸ் காய்ச்சலுக்குப் பிறகு வாசனை உணர்வு போனவர்களுக்கு ரோஜா, யூகலிப்டஸ், எலுமிச்சை, கிராம்பு வாசனைகளைத் தினம் இருவேளை, பல வாரங்களுக்கு முகரச் சொல்லித் தரும் சிகிச்சை இருக்கிறது. அப்படி வாசனை இழந்த ஒருவர், "உலகத்துக்கும் எனக்கும் நடுவுல கண்ணாடி வச்ச மாதிரி இருக்கு" என்றார். வாசனை போவதால் வரும் மனச்சோர்வை யாரும் அற்பமாக எண்ண வேண்டாம்.

தொடுவதற்கு விரல்நுனியோடு புறங்கையையும் பயன்படுத்துங்கள். ஒரே மரப்பட்டை இரண்டிலும் வேறுவேறாகத் தெரியும். நாக்கைப் பொறுத்தவரை ஒன்றுதான்: தெரியாத இலை, காய், காளான் எதையும் சுவைத்துப் பார்க்காதீர்கள். கண்ணுக்கு இருட்டைக் கொடுங்கள். இருட்டுக்கு முழுதாகப் பழக 20 முதல் 30 நிமிடங்கள் ஆகும், நடுவில் ஒரு தடவை திரையைப் பார்த்தாலும் பழகியது பெரும்பாலும் வீண். மங்கலான நட்சத்திரத்தை நேராகப் பார்க்காமல் சற்றுத் தள்ளிப் பாருங்கள். தெளிவாகும். மங்கிய ஒளியில் வேலை செய்யும் செல்கள் விழித்திரையின் நடுமையத்தில் இல்லை என்பதே காரணம்.

பழைய கசப்பையே திரும்பத் திரும்ப அசைபோடும் பழக்கம் உள்ளவர்களுக்கு இவையெல்லாம் கூடுதலாக உதவுவதைப் பார்க்கிறேன். இயற்கைச் சூழலில் 90 நிமிடம் நடந்தவர்களிடம் இந்த அசைபோடுதல் குறைந்ததாகவும், பரபரப்பான சாலையோரம் நடந்தவர்களிடம் அப்படிக் குறையவில்லை என்றும் 2015இல் ஓர் ஆய்வு சொன்னது.

எல்லோருக்கும் ஒரே முறை பொருந்தாது. கொடுமையான சம்பவங்களைக் கடந்து வந்தவர்களுக்குக் கண்ணை மூடினால் பதற்றம் ஏறலாம். அவர்கள் கண்ணைத் திறந்தபடியே, துணையோடு செய்யட்டும். காதில் ஓயாமல் இரைச்சல் கேட்பவர்களுக்கு முழு அமைதியைவிட நீரோட்டத்தின் அருகில் இருப்பது எளிது. மனச்சோர்வுக்கு மருந்து எடுப்பவர்கள், மனம் கொஞ்சம் லேசானதும் தாங்களாக மருந்தை நிறுத்திவிட வேண்டாம், மருத்துவரைக் கேட்டே முடிவு செய்யுங்கள். காரணம் தெரியாமல் வாசனை உணர்வு குறைந்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். ஒரு காது திடீரென்று கேட்காமல் போனால் மட்டும் நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாதீர்கள், அன்றைக்கே போய்விடுங்கள்.