ஐ.பி.யிலிருந்து உங்களுக்கு வீடியோ கால் வராது

போன வாரம் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரை அவர் மகன் அழைத்துவந்தார். உளவு அமைப்பான ‘ரா’விலிருந்து பேசுகிறோம் என்று சொல்லி இரண்டு நாள் வீடியோ காலிலேயே உட்காரவைத்திருக்கிறார்கள். குளிக்கப் போகக்கூட அந்த அம்மா அனுமதி கேட்டிருக்கிறார். ஃபிக்ஸட் டெபாசிட் மொத்தமும் போய்விட்டது. இந்த மாதத்தில் இது எனக்கு நான்காவது கேஸ்.

உளவு வேறு, புலனாய்வு வேறு. நம் பத்திரிகைகள் இரண்டையும் போட்டுக் குழப்பியதற்கு இந்த மோசடிக்காரர்கள் நன்றி சொல்ல வேண்டும். ஐ.பி. என்கிற உளவுத்துறை உள்நாட்டுக்கு. 1968-இல் அதிலிருந்து பிரித்த ‘ரா’ வெளிநாட்டுக்கு. இரண்டுக்குமே கைது செய்யும் அதிகாரம் கிடையாது. திரும்பவும் சொல்கிறேன், கிடையாது. தகவல் அவர்களுடையது, கைது செய்வது போலீஸ், 2008-ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்த தேசியப் புலனாய்வு முகமை (என்.ஐ.ஏ.) போன்ற அமைப்புகள்தான்.

உளவுத்துறை கடைசியில் தருவது காகிதம். நான் மாநில நுண்ணறிவுப் பிரிவில் இருந்தபோது, டீக்கடையில் கேட்டதை எழுதிக்கொடுத்தால் அதிகாரி கேட்பார்: சொன்னவன் யார்? அவனுக்கு எப்படித் தெரியும்? வேறு யாராவது சொன்னார்களா? டெல்லியில் பல அமைப்புகளின் தகவல்களைச் சேர்த்துவைத்து அரசுக்கு மதிப்பீடு எழுத, கூட்டு உளவுக் குழு என்று தனியாக ஒன்று இருந்தது. அங்கேயும் சறுக்கியது. 1998 ஜூனில் எல்லைக்கு அப்பால் நடந்த நடமாட்டம் பற்றி ஐ.பி. இயக்குநர் பிரதமருக்கும் உள்துறை அமைச்சருக்கும் எழுதினார். ‘ரா’ தலைவருக்கும் கூட்டு உளவுக் குழுத் தலைவருக்கும் அந்தக் கடிதம் போகவில்லை. அடுத்த ஆண்டு கார்கில் போர். கே.சுப்ரமணியம் தலைமையிலான விசாரணைக் குழு இதைக் குறையாகவே எழுதியது. பக்கத்து அமைப்பின் தலைவருக்கே போகாத காகிதம், உங்கள் வாட்ஸ்ஆப்புக்கு வாரண்டாக வருமா?

இப்படி வீடியோ காலில் பிடித்துவைப்பதை ‘டிஜிட்டல் அரெஸ்ட்’ என்கிறார்கள்; சட்டத்தில் அப்படி எதுவும் இல்லை. கைது என்றால் ஆள் நேரில் வர வேண்டும். கைதுக் குறிப்பில் சாட்சி கையெழுத்து வேண்டும். 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்ட்ரேட் முன் நிறுத்த வேண்டும். பணத்தை ‘சரிபார்த்துத் திருப்பித் தருகிறோம்’ என்று எந்த அதிகாரியும் கேட்க மாட்டார்.

அப்படி அழைப்பு வந்தால் துண்டியுங்கள். பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள். உறவுக்காரர்களிடம் யோசனை கேட்பதெல்லாம் அப்புறம். வெளியூரில் இருக்கும் பிள்ளைகளே, இன்று ராத்திரி அம்மாவுக்குப் போன் போட்டு இதைச் சொல்லிவிடுங்கள், தயவுசெய்து.

அந்த ஆசிரியையிடம், “ஏம்மா, போனை வெச்சிருக்கலாமே?” என்றேன்.

“பெரிய ஆபீசர் பேசிட்டிருக்கும்போது எப்படி சார் வெக்கிறது?” என்றார்.