விட்ஜெட்: சிறுசெயலி அல்ல, காட்டி

கைப்பேசியின் முகப்பில் மணி, வானிலை என்று எதையாவது காட்டிக்கொண்டு நிற்கும் கட்டம்தான் விட்ஜெட். அதைச் ‘சிறுசெயலி’ என்று எழுதும் வழக்கம் பரவிக்கொண்டே போகிறது. சிலர் ‘குறுஞ்செயலி’ என்றும் எழுதுகிறார்கள். கைப்பேசியின் முகப்பை விட்ஜெட்களையும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் சேவைகளையும் வைத்தே புதிதாக அமைக்கலாம் என்ற யோசனையைப் பற்றித் தமிழில் எதையாவது வாசிக்கப் போனால், ‘இனி செயலிகளுக்குப் பதிலாகச் சிறுசெயலிகள்’ என்கிற ரீதியில் ஒரு வரி வந்து நிற்கிறது. பெரிய இட்லிக்குப் பதில் மினி இட்லி என்பதுபோல. சொல்லவந்த விஷயம் இதில் தலைகீழாகிவிடுகிறது.

ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்குப் பெரிய பூர்வீகம் கிடையாது. ‘கேட்ஜெட்’ திரிந்து வந்தது என்பது பொதுவான கருத்து. 1924இல் அமெரிக்காவில் மேடையேறிய ஒரு நையாண்டி நாடகத்தில், என்னவென்றே விளங்காத ஒரு தொழிற்சாலைப் பண்டத்துக்கு இந்தப் பெயர் வருகிறது. பொருளியல் பாடங்களில் ‘ஒரு கம்பெனி நூறு விட்ஜெட் செய்கிறது’ என்று கணக்குப் போடுவதும் இந்த அர்த்தத்தில்தான். நாம் ‘அந்தச் சாமானை எடு’, ‘அந்தச் சமாச்சாரம் எங்கே’ என்கிறோமே, அந்த ஜாதி. கின்னஸ் பீர் டப்பாவுக்குள் நைட்ரஜனை விடுவித்து நுரை கிளப்பும் பிளாஸ்டிக் உருப்படிக்கும் விட்ஜெட் என்றே பெயர்.

கணினிக்குள் இது 1980களில் வந்தது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தின் அதீனா திட்டத்தில், திரையில் சாளரங்களை வரைந்து காட்டும் எக்ஸ் விண்டோ அமைப்புக்கான கருவித்தொகுப்பைச் செய்தவர்கள், ஏன் இந்தச் சொல் என்று 1988இல் ஒரு கட்டுரையில் சொல்லியிருக்கிறார்கள். புழக்கத்தில் இருந்த மற்ற சொற்கள் எல்லாவற்றின் மேலும் வேண்டாத அர்த்தங்கள் ஏறி உட்கார்ந்திருந்தனவாம். அப்புறம், விண்டோவுக்கும் விட்ஜெட்டுக்கும் முதல் எழுத்து ஒன்றாக இருப்பதும் ஒரு வசதி என்று குசும்பாக ஒரு வரி. அவர்கள் கணக்கில் பொத்தான், தேர்வுப்பெட்டி, உருள்பட்டை எல்லாமே விட்ஜெட். இந்தப் பொருளுக்கு ‘இடைமுக உறுப்பு’ என்பது நன்றாகவே பொருந்துகிறது. எனக்கு அதில் சண்டை இல்லை.

சண்டை இரண்டாவது பொருளில். 2003இல் மேக் கணினிக்கு வந்த கான்ஃபாபுலேட்டர் என்ற நிரல், 2005இல் ஆப்பிளே கொண்டுவந்த டாஷ்போர்டு ஆகியவற்றின் வழியாக, திரையில் நிற்கும் கடிகாரத்துக்கும் வானிலைப் பெட்டிக்கும் இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. 2009 ஏப்ரலில் வந்த ஆண்ட்ராய்டு 1.5 இதைக் கைப்பேசி முகப்பில் எல்லாச் செயலிகளுக்கும் திறந்துவிட்டது. ஐபோனில் 2014இல் ஓர் ஓரப் பக்கத்துக்கு வந்து, 2020இல்தான் முகப்புக்கு ஏறியது.

இப்போது ‘சிறுசெயலி’க்கு வருவோம். செயலி என்றால் தனியாக நிறுவலாம், தனியாக ஓடும், வேண்டாமென்றால் தனியாக நீக்கலாம். விட்ஜெட்டுக்கு இதில் ஒன்றுகூட இல்லை. ஆண்ட்ராய்டில் அது எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். உங்கள் முகப்பில் தெரியும் வானிலைக் கட்டத்தை வரைவது வானிலைச் செயலி அல்ல. அந்தச் செயலி ‘இந்த இடத்தில் இந்த எண், இந்த இடத்தில் மேகப் படம், இங்கே தொட்டால் என்னைத் திற’ என்று ஒரு குறிப்பை மட்டும் எழுதி அனுப்புகிறது. அதை வாங்கித் தன் திரையில் வரைவது முகப்பை நடத்தும் லாஞ்சர். தானாகப் புதுப்பித்துக்கொள் என்று விட்டுவைத்தால், அமைப்பு அதை அரை மணிக்கு ஒரு தடவைக்கு மேல் எழுப்பாது. அதைவிட அடிக்கடி மாற வேண்டுமென்றால் செயலிதான் வேறு வழி பார்க்க வேண்டும். ஐபோனிலும் கிட்டத்தட்ட இதே கதை. எந்த நேரத்தில் எதைக் காட்ட வேண்டும் என்று செயலி முன்கூட்டியே ஒரு பட்டியல் கொடுத்துவிடுகிறது, நேரம் வந்ததும் கைப்பேசி எடுத்துக் காட்டுகிறது. செயலியை நீக்கினால் விட்ஜெட்டும் கூடவே போய்விடும். தனக்கென்று உயிரே இல்லாத ஒன்று எப்படிச் செயலி ஆகும், சிறியதோ பெரியதோ?

இதைவிட மோசமானது சொற்குழப்பம். செயலி என்பது நம் பாடநூல்களில் முதலில் பிராசசருக்கு வைத்த பெயர். மைக்ரோபிராசசர் நுண்செயலி. பிறகு ‘ஆப்’புக்கும் செயலி என்றே ஆகிவிட்டது. சரி, அதை இனி மாற்ற முடியாது, மாற்றவும் வேண்டாம். ஆனால் நுண்செயலி கணினிக்குள் ஒரு சில்லாகவும் (சிப்), சிறுசெயலி திரையில் ஒரு கட்டமாகவும் இருந்தால் படிக்கிற பிள்ளை என்ன செய்யும்? ‘குறுஞ்செயலி’ இன்னும் விசேஷம். அவசரமாக வாசித்தால் அது குறுஞ்செய்தி. ‘குறுஞ்செயலியை அழுத்திப் பிடித்து நகர்த்தவும்’ என்ற வழிமுறையைப் படித்துவிட்டு எஸ்.எம்.எஸ். பெட்டியைத் திறக்கிறவரைக் குறை சொல்ல முடியாது.

அதுவும் போக, சிறுசெயலி என்ற பெயருக்கு உண்மையான உரிமையாளர் ஒருவர் வந்துவிட்டார். சீனாவில் வீசாட் என்ற செய்திப் பரிமாற்றச் செயலி 2017இல் தனக்குள்ளேயே ஓடும் சின்னச் சின்ன நிரல்களைக் கொண்டுவந்தது. டிக்கெட் எடுக்க, சாப்பாடு சொல்ல, பணம் கட்ட என்று ஒவ்வொன்றும் முழு வேலையைச் செய்கிறது, தனியாக நிறுவ வேண்டியதில்லை. சிறுசெயலி என்றால் அதுதான். அந்தப் பெயரை விட்ஜெட்டுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டு, அதை என்னவென்று சொல்வோம்?

இனி, தொடக்கத்தில் சொன்ன முகப்பு யோசனை. பாம் நிறுவனத்தின் வெப்ஓஎஸ் 2009இலும் மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் போன் 7 2010இலும் வந்தன, இரண்டும் ஆண்ட்ராய்டு போலக் கைப்பேசி இயங்குதளங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே கேள்வியைக் கேட்டன. ஒருவரைத் தேடும்போது அவர் எந்தச் செயலியில் இருக்கிறார் என்று நான் ஏன் யோசிக்க வேண்டும்? ஜிமெயில் முகவரி, ஃபேஸ்புக் பக்கம், தொலைபேசி எண் எல்லாம் ஒரே ஆளின் பெயரில் ஒரே அட்டையில் சேர்ந்து வந்தன. விண்டோஸ் போனின் முகப்பு வெறும் படக்குறிகளாக இல்லாமல் தகவல் மாறிக்கொண்டே இருக்கும் கட்டங்களாக இருந்தது. இரண்டும் சந்தையில் நிலைக்கவில்லை என்பது வேறு விஷயம். யோசனை என்னவோ தெளிவானது: செயலியும் சேவையும் பின்னால் போகட்டும், அவற்றிலிருந்து வருவது முன்னால் வரட்டும். இந்த ஏற்பாட்டில் விட்ஜெட்தான் முகம், செயலி அதற்குப் பின்னால் இருந்து சோறு போடுகிறது. இதைப் போய்ச் ‘சிறுசெயலிகள் நிறைந்த கைப்பேசி’ என்று எழுதினால், செயலிப் படக்குறிகளின் பழைய கட்டவரிசையே கொஞ்சம் சிறிதாகி வந்ததாக வாசகர் நினைத்துக்கொள்வார்.

அப்படியானால் என்ன சொல்லலாம்? தமிழில் ஏற்கெனவே மணிகாட்டி இருக்கிறது, நாள்காட்டி இருக்கிறது, திசைகாட்டி இருக்கிறது. முகப்பில் நாம் அதிகம் வைத்துக்கொள்ளும் விட்ஜெட் எது? மணி, தேதி, வானிலை. வேலையில் பாதியை மொழி முன்பே முடித்து வைத்திருக்கிறது. வானிலைகாட்டி, நடைகாட்டி, செய்திகாட்டி என்று மேற்கொண்டு போகலாம். பொதுப்பெயர் முகப்புக்காட்டி, பழகிய இடத்தில் வெறும் காட்டி. வேதியியலில் நிறங்காட்டி இருக்கிறதே என்றால், இருக்கட்டும். அமிலத்தையும் முகப்புத் திரையையும் ஒரே வாக்கியத்தில் எழுதுபவர் குறைவு.

பாட்டை நிறுத்தவும் ஓட்டவும் பொத்தான் வைத்த விட்ஜெட் எதைக் காட்டுகிறது என்று கேட்பார்கள். ஐபோனில் 2023 முதல் விட்ஜெட்டுக்குள்ளேயே இப்படி அழுத்த முடிகிறது, நியாயமான கேள்விதான். ஓடுவது எந்தப் பாட்டு என்று அது காட்டத்தானே செய்கிறது? ரயில்பாதைக் கைகாட்டியும் சும்மா காட்டிக்கொண்டு நிற்பதில்லை, வண்டியை நிறுத்துகிறது, விடுகிறது.

மொழிபெயர்ப்பாளர்களை மட்டும் திட்டிப் பயனில்லை. அவர்களில் பலருக்குக் கையில் கிடைப்பது ஒரு நீண்ட அட்டவணை, வரிக்கு ஒரு துண்டுச் சொல். அது பொத்தானில் வருகிறதா, தலைப்பில் வருகிறதா என்று திரையைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வழியில்லை. ‘முகப்பு’ வர வேண்டிய இடத்தில் ‘வீடு’ வந்து உட்காருவது இப்படித்தான். ஆனால் முழுக் கட்டுரை எழுதுகிறவருக்கு அந்தச் சாக்கு கிடையாது. அவர் கையிலேயே கைப்பேசி இருக்கிறது. ஆண்ட்ராய்டின் தமிழ் இடைமுகம் ‘விட்ஜெட்’ என்றே போட்டுவிட்டுப் போகிறது. தனித்தமிழ் அன்பர்களுக்குக் கோபம் வரும், எனக்கு வரவில்லை. தெரியாத சொல் என்றால் வாசகர் பக்கத்தில் இருப்பவரைக் கேட்டுத் தெரிந்துகொள்வார். சிறுசெயலி என்று எழுதினால் கேட்கவே மாட்டார், புரிந்துவிட்டது என்று நினைத்துவிடுவார். காட்டி பிடிக்காதவர்கள் விட்ஜெட் என்றே எழுதுங்கள்.