எருக்குழியிலிருந்து புல்லுக்கு ஓர் அம்பு

போன வாரம் ஒரு அறிவியல் கண்காட்சிக்கு நடுவராகப் போயிருந்தேன். உணவுச் சங்கிலி சார்ட் மட்டும் ஏழு. ஏழிலும் புல், வெட்டுக்கிளி, தவளை, பாம்பு, பருந்து, அப்புறம் மட்குண்ணிகள் (செத்ததை மக்கவைக்கும் பூஞ்சை, பாக்டீரியா போன்றவை). அங்கிருந்து திரும்பப் புல்லுக்கே ஓர் அம்பு. தலைப்பு 'ஆற்றல் சுழற்சி'. ஒன்றில் அந்த அம்புக்கு ஜிகினா வேறு ஒட்டியிருந்தார்கள். பதினெட்டு வருடமாக இதே அம்பைச் சிவப்பு மையால் அடித்துக்கொண்டிருக்கிறேன்.

ஆற்றல் சுழலாது. சுழல்வது தழைச்சத்து, மணிச்சத்து, கார்பன் போன்ற பொருள்கள். செத்த தவளை மக்கினால் அதன் தழைச்சத்து மறுபடி நெல்லுக்குப் போகும், சரி. ஆனால் அதன் உடம்பில் மிச்சமிருந்த ஆற்றலை மக்கவைக்கும் பூஞ்சையும் பாக்டீரியாவுமே செலவழித்துவிடும். நம்பாவிட்டால், புதிதாகச் சாணமும் இலைதழையும் குவித்த எருக்குழியை இரண்டு மூன்று நாள் கழித்துக் குச்சியால் கிளறிப் பாருங்கள் (கையை விடாதீர்கள், பூரான் இருக்கும்). சூடாக இருக்கும். காலைப் பனியில் ஆவிகூடப் பறக்கும். வெளியேறிக்கொண்டிருப்பது அந்த ஆற்றல்தான். அந்தச் சூட்டைப் பிடித்து எந்தப் புல்லும் சர்க்கரை செய்யாது. அதற்கு வெயில்தான் வேண்டும்.

பிள்ளைகளைக் குறை சொல்லிப் பயனில்லை. "உரம்தான் செடிக்குச் சாப்பாடு" என்று வீட்டிலும் சொல்கிறோம், வகுப்பிலும் சொல்கிறோம். சாப்பாடு என்றால் ஆற்றல் என்று பிள்ளை சரியாகத்தான் கணக்குப் போடுகிறது. உரத்தில் சோறு கிடையாது. சோற்றில் போடும் உப்புதான் இருக்கிறது. இனிமேல் அந்த வாக்கியத்தைச் சொல்லாதீர்கள்.

ஒரு படியில் இருக்கும் ஆற்றலில் பத்தில் ஒரு பங்குதான் அடுத்த படிக்குப் போகும் என்ற பத்து சதவீத விதியை, சூழலியலாளர் லிண்ட்மேன் பெயரோடும் 1942 என்ற ஆண்டோடும் மனப்பாடம் செய்யவைக்கிறோம். பத்து என்பது தோராயம், இடத்துக்கு இடம் கூடும் குறையும் என்று ஒரு வரி சேர்த்துச் சொல்லுங்கள். அதைவிட, செய்து காட்டுங்கள். ஒரு லிட்டர் பாட்டில் தண்ணீர்தான் புல். அதில் 100 மில்லி டம்ளரில் ஊற்றினால் வெட்டுக்கிளி. அதிலிருந்து இருமல் மருந்து மூடியில் 10 மில்லி, தவளை. ஊசி கழற்றிய சிரிஞ்சில் 1 மில்லி, பாம்பு. பருந்துக்கு ஓரிரு சொட்டு. ஒரு வயலில் ஆயிரம் வெட்டுக்கிளி இருக்க, வானத்தில் பருந்து ஏன் ஒன்றிரண்டாகவே வட்டமிடுகிறது என்று கேளுங்கள். பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள்.

ஒவ்வொரு படியிலும் மீந்த தண்ணீரைப் பாட்டிலில் திரும்ப ஊற்ற யாராவது ஓடிவருவார்கள். விடாதீர்கள். வெளியே வெயிலில் கொட்டச் சொல்லுங்கள். காய்ந்து போகட்டும். "நாளைக்குப் பாட்டில் எப்படி நிறையும்?" என்று ஒரு பிள்ளை நிச்சயம் கேட்கும். அப்போது சூரியனைப் பற்றிப் பேசலாம்.

நடுவர்களாகப் போகும் நண்பர்களே, ஜிகினா அம்புக்கு முதல் பரிசு கொடுத்துவிட்டு வராதீர்கள், தயவுசெய்து.