ரேடியேட்டரில் போர் தண்ணீர் ஊற்றாதீர்கள்

கோடை விடுமுறை வந்தாலே காரவள்ளி அடிவாரத்திலிருந்து நாமக்கல்லில் எங்கள் ஒர்க்ஷாப்புக்கு வண்டிகளைக் கட்டி இழுத்து வருவது வாடிக்கையாகிவிட்டது. போன வாரம் வந்த டீசல் கார், கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் பாதிகூடத் தாண்டவில்லை. டிப்ஸ்டிக்கை உருவினால் ஆயில் பால் காபி நிறத்தில் இருக்கிறது. இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டுக்கு அடியில் இருக்கும் கேஸ்கெட் போய் ஆயிலில் தண்ணீர் கலந்தாயிற்று. ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் துருச் சேறு.

“கூலன்ட் எங்கே தம்பி?” என்றேன்.

“நம்ம ஊர்ல என்னங்ண்ணா பனியா கொட்டுது?”

இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. ரேடியேட்டரில் ஊற்றும் மருந்துத் திரவமான கூலன்ட், பனியில் உறையாமல் காக்க மட்டுமானது இல்லை. வெறும் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். பாதிக்குப் பாதி கூலன்ட் கலந்து, மூடியும் அழுத்தத்தைப் பிடித்து வைத்தால் 120 தாண்டியும் கொதிக்காது. அதைவிடப் பெரிய விஷயம் துருவும் உப்பும். நம் போர் தண்ணீரைக் காய்ச்சும் பாத்திரத்தின் அடியைத் தடவிப் பாருங்கள், வெள்ளையாகச் சொரசொரக்கும். அதே உப்புதான் இன்ஜினுக்குள் சூடு அதிகமான இடத்தில் படிகிறது. படிந்த இடத்தில் சூடு தண்ணீருக்கு இறங்காது. ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களும் அடைத்துக்கொள்ளும். துருப்பிடிக்காமல் காக்கும் மருந்து கூலன்ட்டில்தான் இருக்கிறது. அதற்கும் ஆயுள் உண்டு; நிறம் பளிச்சென்று இருக்கிறதே என்று ஏமாறாமல், வண்டிப் புத்தகத்தில் சொன்ன கெடுவில் மாற்றுங்கள். தண்ணீர் கலந்து ஊற்ற வேண்டிய வகைக் கூலன்ட் என்றால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும் கலக்குங்கள்.

ஹீட் ஆகிறது என்றால், சூட்டுக்குத் தக்கபடி தண்ணீரை ரேடியேட்டருக்கு விடும் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றிவிடும் வைத்தியம் வேறு இருக்கிறது. எங்கள் தொழில்காரர்களே செய்கிறார்கள். அடைப்பு அப்படியே இருக்கும், டீசல் செலவு மட்டும் ஏறும்.

காலையில் ஸ்டார்ட் செய்யும் முன் கூலன்ட் டப்பாவைப் பாருங்கள். இரண்டு கோட்டுக்கும் நடுவில் இருக்க வேண்டும். அடிக்கடி குறைந்தால் எங்கேயோ கசிகிறது என்று அர்த்தம். ஊற்றி ஊற்றி ஓட்டாதீர்கள். ரேடியேட்டர் மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் மூடியையே மாற்றுங்கள்.

மலையில் இன்ஜின் சூட்டைக் காட்டும் முள் ஏற ஆரம்பித்தால் ஏசியை நிறுத்திவிட்டு ஹீட்டரை முழுதாக வையுங்கள். வேர்க்கும், பரவாயில்லை. சிவப்பைத் தொட்டால் ஓரங்கட்டி இன்ஜினை நிறுத்துங்கள். “முள் ஏறவே இல்லையே” என்பார்கள் சிலர். தண்ணீர் மொத்தமும் போய்விட்டால் சென்சார் வெறும் காற்றில் நிற்கும், முள் இறங்கிக்கூடக் காட்டும்.

தயவுசெய்து சூட்டோடு மூடியைத் திறக்காதீர்கள். முகம் வெந்துபோகும். கொதிக்கிற இன்ஜினில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் ஹெட் விரிசல் விடும். நன்றாக ஆறட்டும், அப்புறம் ஊற்றுங்கள். மலை மேல் ஓடைத் தண்ணீர்தான் கிடைத்தது என்றால் அதையே ஊற்றி இறங்கி வாருங்கள், தப்பில்லை. ஊர் வந்ததும் கசிவைச் சரிபார்த்து, அதை வடித்துவிட்டுக் கூலன்ட் ஊற்றச் சொல்லுங்கள். “இப்போ நல்லாத்தானே ஓடுது” என்று அடுத்த கோடை வரை இழுக்காதீர்கள்.